நாலே முக்கால் குதிரை

"மில்லு ஓடுற நேரத்துல உன் ஏசி ஓடக் கூடாது. அவ்ளோதான்" என்றாள் கெங்கம்மாள்.

சரசாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. தோளில் கிடந்த மூன்று மாதக் குழந்தை வேறு சிணுங்கியது.

அண்ணனூரில் கெங்கம்மாளின் வீட்டுக்கு முன்பக்கம் மாவு மில். பின்பக்கம் வாடகைக்கு ஒரு போர்ஷன். நடுவில் ஒரே ஒரு சுவர். மில் ஓடினால் சரசாவின் அலமாரியில் டம்ளர்கள் ஆடும்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், பாப்பாவோடு திரும்பி வந்தது சரியாகக் கத்திரி வெயிலில். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பகலில் கண்ணையே மூடுவதில்லை. அழுது அழுது தொண்டை கட்டிப் போயிற்று. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் புருஷன் வெற்றிச்செல்வன் ஓவர்டைம் பார்த்து ஒரு டன் ஏசி வாங்கி வந்தான்.

காரியம் கெட்டதும் அவனால்தான்.

கெங்கம்மாளுக்கு டன் எல்லாம் தெரியாது. மோட்டாரோடு காலம் தள்ளுகிறவள். எதையும் எச்.பி.யில், அதாவது குதிரைத்திறனில், சொன்னால்தான் புரியும்.

"எத்தினி எச்.பி. நைனா இது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமென்று இவன் போனை எடுத்துக் கணக்குப் போட்டான்.

"ஒரு டன் குளிர்ச்சிய எச்.பி.யா மாத்தினா நாலே முக்கால் வருதும்மா. நாலே முக்கால் குதிரை ஒரு மணி நேரம் இழுக்கிற வேலைய, இது ஒரு மணி நேரத்துல செய்யுது."

"நாலே முக்கால் குதிரையா? என் மில்லு மோட்டாரே அஞ்சுதான். ரெண்டும் சேந்து இழுத்தா என் ஃபியூஸ் கட்ட இன்னாத்துக்கு ஆவும்?"

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த உத்தரவு.

உள்ளே வந்ததும் சரசா புருஷனிடம் பொரிந்தாள். "காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் மில்லு ஓடுது. ஏசிய சுவத்துல மாட்டி, மாலை போட்டுக் கும்பிடவா? உங்கள யாரு குதிரையெல்லாம் அவுத்து விடச் சொன்னது?"

ஆனாலும் வாங்கிய ஏசியை மாட்டித்தானே ஆக வேண்டும். மாட்ட வந்த மெக்கானிக் அமல்ராஜ், போகிற வழியில் மில் வாசலில் நின்று கெங்கம்மாளோடு ஏதோ பேசிவிட்டுப் போனான்.

மறுநாள் மதியம். மில் சட்டென்று நின்றது.

கெங்கம்மாள் பின்பக்கம் வந்து ஜன்னலைத் தட்டினாள். "உன் குதிரைங்களுக்காக என் குதிரைங்கள கட்டிப் போட்டுகீறேன். வெயில் தாழுற வரைக்கும் போட்டுக்கோ."

பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

ஏசி ஓடியது. பாப்பா அன்றைக்குத்தான் பகலில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். சரசா அந்த ஏசியைத் தொட்டுக் கும்பிடாத குறை.

தினமும் அப்படியே நடந்தது. குழந்தைக்குத் தூக்கம் வந்தது, அம்மாவுக்குப் போயிற்று. வாசல் பேச்சு அத்தனையும் சுவரைத் தாண்டி அவள் காதில் விழுந்தது.

"இன்னா கெங்கம்மா, மில்லுக்குக்கூட மதியத் தூக்கமா?" கோதுமை டப்பாவோடு வந்த புஷ்பாவின் குரல்.

"மோட்டாரு சூடாவுது. சாயங்காலம் வா."

"உன் மோட்டாரு நல்லா ஆறட்டும். நான் ஸ்டேஷன் பக்கத்து மில்லுக்குப் போறேன்."

சரசாவுக்குப் புதுக் கவலை பிடித்தது. இப்படியே வியாபாரம் படுத்தால், அந்தக் கோபம் தன் தலையில்தான் விடியும். 'வேற ஊடு பாத்துக்கோ' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கைக்குழந்தையோடு எங்கே போவது?

ஒரு நாள் வேலை முடிந்து வந்த வெற்றிச்செல்வன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"கம்பெனில எலக்ட்ரிகல் ஆளுங்க என்னப் பாத்து சிரிக்கிறாங்க சரசா. நான் போட்ட கணக்கு சரிதானாம். ஆனா அது ரூமுக்குள்ள இருந்து ஏசி வெளிய தள்ளுற சூட்டோட கணக்காம். அது இழுக்கிற கரண்டு ஒன்றரை எச்.பி.கூட வராதாம். மில்லும் ஏசியும் சேந்தே ஓடலாம்."

"நல்லா மாத்தினீங்க போங்க. பாவம் அந்தம்மா, உங்க குதிரைக்குப் பயந்து பொழப்பையே விட்டுட்டு உக்காந்திருக்காங்க."

மறுநாள் மதியம் பாப்பா தூங்கியதும், சரசா மெதுவாக முன்பக்கம் போனாள். யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. நின்ற மில்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, புருவமெல்லாம் மாவாக, கெங்கம்மாள் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்பு எங்க மேலதான்." சரசா மென்று முழுங்கினாள். "ஏசி அவ்வளவு இழுக்காதாம். நீங்க தாராளமா மில்ல ஓட்டுங்க. ஃபியூஸ் கட்டை தாங்குமாம்."

"தெரியும். மாட்ட வந்த அமல்ராஜு அன்னிக்கே சொல்ட்டான்."

சரசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்புறம் எதுக்கும்மா மில்ல நிறுத்துறீங்க?"

"மெல்லப் பேசு." கெங்கம்மாள் சுவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சும்மா நிறுத்துறேன்னா நீ வேணாம்னுவே. அதான் உன் புருசன் குதிரைங்க மேல பழியப் போட்டேன். கட்ட தாங்கும்டி. என் மில்லு சத்தத்த அந்தாண்ட தூங்குற பச்சப் புள்ள தாங்குமா?"