ஜப்பான்காரன் காலத்துக் கிழங்கு

காஜா பெராங் ஊரில் ஒரே காலையில் பொன்னுதுரை பத்து டின் விற்றுவிட்டான். கலக்கிக் குடித்தால் இடுப்பு மெலியும் மாவு. கடைசி டின்தான் அன்னம்மா வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டது.

தலையில் துண்டும் முகமெல்லாம் அடுப்புக் கரியுமாக, படியில் உட்கார்ந்து, அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பூவோடு தின்றுகொண்டிருந்தாள் அவள்.

“மெர்டேக்கான்னு சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் ஜப்பான்காரன் காலத்துக் கிழங்கையே கட்டிக்கிட்டு அழறீங்களே, அக்கா?”

“ஜப்பான்காரன் போயிட்டான், தம்பி. அந்தப் பஞ்சத்துல எங்களைக் காப்பாத்தின கிழங்கை நான் எதுக்கு விரட்டணும்?”

“மூணு வேளைச் சோத்துக்குப் பதிலா மூணு கரண்டி மாவு. பசியே எடுக்காது.”

“பசி எடுக்காத உடம்பை வச்சுக்கிட்டு நான் எப்படி விறகு பிளக்கிறது?”

பொன்னுதுரைக்குக் கோபம் வந்துவிட்டது. டின்னை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் கொடிபோல நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இவங்களைப் பாருங்க. ஒரு வருஷமா இதை மட்டும்தான் குடிக்கிறாங்க. நீங்களும் இருக்கீங்களே.”

அன்னம்மா கையைக் கழுவினாள். துண்டை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்தாள். டின்னை வாங்கிக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, படத்தில் இருந்தவளைப் போலவே சிரித்தாள்.

பொன்னுதுரை படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரே முகம்.

“போட்டோ கடையில சேலையைக் கட்டிவிட்டு நிக்க வச்சாங்க. இந்த மாவை இன்னிக்குத்தான் கண்ணால பார்க்கிறேன். அவங்க குடுத்த காசுல மண்வெட்டி வாங்கி, கொல்லையில மரவள்ளி நட்டேன்.”

தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

“அந்தக் கிழங்குதான் இது. தின்னு பாரு.”