ஈ விழுந்த ஸ்காட்ச்

அந்த வீட்டில் சரக்கின் தரத்தைச் சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது ஈயின் எண்ணம்.

அன்று வீட்டுக்காரர் கிளாஸை மூக்கருகே பிடித்து, "இருபத்தஞ்சு வருஷம் பீப்பாய்ல கிடந்த ஸ்காட்ச். தேன் வாசனை வருது பாருங்க" என்றார். விருந்தாளிகள் தலையாட்டினார்கள்.

"எனக்கும் தேன் வருது மாப்ள, கொஞ்சம் புகையும்" என்றது ஜன்னல் திரையில் இருந்த கொசு.

ஈ சிரித்தது. "மோந்து பார்த்தா என்ன தெரியும்? விழுந்து பார்க்கணும். போன மாசம் இவரோட பீர்ல விழுந்தேன், தொட்டிச்செடியில கொட்டிட்டார். பிராந்தியில விழுந்தேன், வாஷ்பேசின்ல ஊத்திட்டார். ரெண்டும் சாதா சரக்கு."

"செத்துப்போயிடுவ மாப்ள!"

"பன்னிரண்டு கிளாஸ் பார்த்த உடம்பு இது" என்று சொல்லிவிட்டு, ஈ நேராக ஸ்காட்ச்சில் குதித்தது.

வீட்டுக்காரர் தொட்டிச்செடியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலால் ஈயை மெல்லத் தூக்கி, இறக்கையிலிருந்த சொட்டு கிளாஸுக்குள்ளேயே விழும்வரை பிடித்திருந்து, ஜன்னல் பக்கம் சுண்டிவிட்டார். விரலையும் சப்பிக்கொண்டார்.

ஈ தள்ளாடிக்கொண்டே வந்து கொசுவின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"இருபத்தஞ்சு வருஷத்துக்குக் குறையாது, மாப்ள."