முடக்குலேயே கேக்கணும்

கினிகத்தேனையில் பஸ்லானின் சவுண்ட் செட் கடை முன்னால் ஆட்டோவை நிறுத்திவிட்டு முத்துலிங்கம் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனான். அவன் மனைவி பிரேமினி மட்டும் நிலைகொள்ளாமல் நின்றாள்.

"ஆட்டோ சப்வூஃபர்ல சத்தம் பத்தமாட்டேங்குது தம்பி. சீக்கிரம் பாருங்க."

பஸ்லான் ஆட்டோவிலிருந்த ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். "இதுல ரெண்டு கொயில் இருக்கு அக்கா. சீரிஸ்ல கோத்திருக்காங்க, எட்டு ஓம் காட்டுது. அதனால ஆம்ப்ளிஃபையர் முழு பவரும் குடுக்கல. பரலல்ல மாத்துனா ரெண்டு ஓம் ஆயிரும். இந்த ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்கும்."

"மாத்துனா, ஆட்டோ கோயில் முடக்குல திரும்புறப்பவே எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கேக்குமா?"

"எவ்வளவு தூரம்?"

"அரை மைல் இருக்கும்."

வயரை மாற்றிக் கோத்து பஸ்லான் பாட்டைப் போட்டான். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. பிரேமினி ரோட்டைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா தம்பி?"

பஸ்லானுக்குச் சிரிப்பு வந்தது. "மத்த வீட்டுப் பொம்பளைங்க சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் சண்டை புடிப்பாங்க. நீங்க கூட்டச் சொல்றீங்க. அண்ணன் வர்றதைக் கேக்க அவ்வளவு ஆசையா?"

அவள் டீக்கடைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"குடிச்சிட்டு வர்ற அன்னைக்கெல்லாம் பாட்டைப் போட்டுக்கிட்டுத்தான் வருவாரு. முடக்குல சத்தம் கேட்டதும் புள்ளைங்கள இழுத்துக்கிட்டு மேல் லயத்துக்கு ஓடிருவேன்."

ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"போன சனிக்கிழமை கேக்கல தம்பி."