பன்னிரண்டைத் தாண்டாத முள்

"பன்னிரண்டு! பன்னிரண்டைத் தாண்ட மாட்டேங்குதே!"

எஞ்சினை உறும விட்டு, பேட்டரியில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்த மாமனார், வழக்கில் தோற்ற வக்கீல் மாதிரி கத்தினார். சமையலறை ஜன்னலில் நின்ற மருமகள் சட்டென்று உள்ளே நகர்ந்துகொண்டாள்.

முள் பதினாலுக்கு வந்தால்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். ஏறாததால், அவர் பேத்தியைப் பள்ளியில் கொண்டுவிடும் அந்த முப்பது வயது பைக், தெருமுனை தாண்டுவதற்குள் படுத்துவிடும். 'முப்பத்தஞ்சு வருஷம் ஜெனரேட்டரோட குடித்தனம் பண்ணவன்' என்று தெருவுக்கே மார்தட்டியவர், எட்டு நாளாக அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பேட்டரியை மாற்றினார், ரெகுலேட்டரை மாற்றினார், எர்த் வயரைச் சுரண்டினார். மாற்றாதது பைக்கை மட்டும்தான்.

கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். இடது பக்க மூடிக்குள், எஞ்சினிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் மூன்று மஞ்சள் வயர்கள் வந்து சேரும் இணைப்பை உருவி விட்டவளே அவள்தான்.

வேறென்ன செய்வது? போன மாதம் பள்ளியிலிருந்து வந்த மகள், "தாத்தா லாரியைப் பாக்கவே இல்லம்மா" என்று நடுங்கிக்கொண்டே சொன்னாள். கண் சரியில்லை, வண்டியை விட்டுடுங்க என்று அவரிடம் யார் சொல்வது? கணவனோ, "நீயே சொல்லேன்" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

வித்தையைச் சொல்லிக் கொடுத்ததும் மாமனார்தான். "சார்ஜ் ஏறலைன்னா முதல்ல அந்த மூணு மஞ்சளைப் பாக்கணும். பாக்காதவன் மெக்கானிக்கே இல்லை" என்று சாப்பாட்டு மேஜையில் நூறு தடவை பிரசங்கம் செய்திருக்கிறார். இப்போது என்னவோ அந்த மூடிப் பக்கமே அவர் கை போகவில்லை. பிழைத்தோம் என்றிருந்தாள்.

அன்று பக்கத்து வீட்டு மெக்கானிக் சுவருக்கு மேல் தலையை நீட்டினான். "என்ன பெரியவரே, ஜெனரேட்டர் சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சா?"

பதிலுக்கு நாலு கொடுக்காமல், "எனக்கு மூளை மழுங்கிடுச்சுப்பா" என்றார் மாமனார். அந்த வாயிலிருந்து அப்படியொரு பேச்சா! மருமகளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் குளிக்கப் போனதும் ஓடிப்போய் இணைப்பை மாட்டினாள்.

மறுநாளும் முள் பன்னிரண்டு. மூடியைத் திறந்தால், இணைப்பு கழன்று கிடந்தது. சரியாக மாட்டவில்லை போலும் என்று 'டக்' சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். அதற்கடுத்த நாளும் பன்னிரண்டு.

குற்றம் செய்த கைக்குத் திரும்ப மாட்ட வராதோ? தன் கையையே திட்டிக்கொண்டு மூன்றாவது முறை மூடியைத் திறந்தவள் மேல் நிழல் விழுந்தது. தோளில் ஈரத் துண்டோடு மாமனார்.

"மாமா... நான்தான் கழட்டினேன்... பாப்பாவை நினைச்சு பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க, இதோ மாட்டிடறேன்..." என்று மூடிக்குள் கையை விட்டாள்.

அவர் தெருப்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாட்டாதம்மா. தினமும் குனிஞ்சு கழட்ட எனக்கு இடுப்பு தாங்கலை!"