ஒட்டாத கை

"எல்லாரும் கல்லு மாதிரி நின்னிருக்காங்க. ஒருத்தர் மட்டும் அசைஞ்சு கெடுத்துட்டாருங்க" என்றாள் மோகனப்ரியா.

போனின் மறுமுனையில் இயந்திரங்கள் இரைந்தன. அவள் கணவன் பூபதி சூளகிரியில் ஒரு தொழிற்சாலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏதாவது குழந்தையா இருக்கும். பார்த்துச் சரிபண்ணிடு."

"குழந்தை இல்லைங்க…"

"சத்தத்துல ஒண்ணும் கேக்கலை ப்ரியா. இன்னைக்குப் படத்தை வாங்க வர்றாங்க. எப்படியாவது முடிச்சு வை."

"பேசாம அஞ்செட்டிக்கு இன்னொரு நடை போய் எடுத்துட்டு வந்துடுங்களேன்."

"முடியாது." அவன் குரல் இறங்கியது. "அந்தக் குடும்பம் இனி அப்படிச் சேர்ந்து நிக்காது. இருக்கிறது அது ஒண்ணுதான்."

போனை வைத்துவிட்டான்.

ஓசூரில் அவர்களுடைய ஸ்டுடியோ ஒற்றை அறைதான். ஏழு மாத வயிறு மேசையில் இடிக்க, மோகனப்ரியா கணினித் திரையை நோக்கிக் குனிந்தாள். அவள் உண்டானதிலிருந்து பூபதி எந்த வேலையைப் பற்றியும் முழுசாகச் சொல்வதில்லை. 'குடும்பப் படம்' என்று கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவான்.

குறுகலான வாசல். நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். பின்னால் தள்ளிப்போய் எடுக்க இடமில்லை. அதனால் முக்காலியில் சுழலும் தலையைப் பொருத்தி, கேமராவை இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வரிசையாகப் படங்கள் எடுத்திருந்தான். ஒவ்வொரு படமும் முந்தின படத்தில் கொஞ்சத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்த இடத்தில் வைத்து ஒட்டினால் ஒரே நீளப் படம். நடுவில் யாராவது அசைந்துவிட்டால்தான் வம்பு. இரண்டு தலை, மூன்று கை என்று வந்து நிற்கும்.

நடுநாயகமாக நாற்காலியில் ஒரு பெரியவர். புது வேட்டி, தலைப்பாகை, நெற்றி நிறைய விபூதி, மார்பு மறைய மாலை. எண்பதாம் கல்யாணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கேமராவைக் கண்டால் விறைத்துக்கொள்ளும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பெரியவர் இரண்டு படங்களில் விழுந்திருந்தார். முதலாவதில் கண் மூடியிருந்தது. வலது கை தொடைமேல் விரிந்திருந்தது. அடுத்ததில் அதே கை வேட்டியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. இரண்டையும் ஒட்டினால் ஒரே கையில் எட்டு விரல்கள்.

முதலில் அவள் சுழலும் தலையைத்தான் சந்தேகப்பட்டாள். அதில் கேமரா சரியாக உட்காராவிட்டால் பக்கத்தில் இருக்கும் பொருளெல்லாம் இரண்டாகத் தெரியும். ஆனால் நாற்காலிக் கை ஒட்டியது. பின்னால் இருந்த தூண் ஒட்டியது. மாலையில் ஒவ்வொரு பூவும் ஒட்டியது. அந்தக் கை மட்டும் ஒட்டவில்லை.

இரண்டாவது படத்தில் அவர் கண் லேசாகத் திறந்திருந்தது. கண் திறந்திருப்பதுதானே நல்ல படம் என்று அதையே வைத்துக்கொண்டு, மற்றதை அழித்தாள். பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த இடுக்கு வழியாக அவர் நேரே அவளையே பார்த்தார். படத்தை இந்தப் பக்கம் நகர்த்தினாள். பார்வையும் கூடவே வந்தது. முதுகில் சில்லிட்டது. மின்விசிறியை நிறுத்தினாள். சில்லிப்பு போகவில்லை.

மாலையில், கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒரு பெண் வந்தாள்.

"அஞ்செட்டி கோவிந்தப்பன் குடும்பப் படம். நான் அவர் பொண்ணு, ரூபா."

மோகனப்ரியா நீளப் படத்தை மேசைமேல் விரித்தாள். ரூபா ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"எங்க சின்னண்ணன் பெரியண்ணன் தோளை உரசிட்டு நிக்கிறான் பாரும்மா. நிலத் தகராறுல பேச்சே கிடையாது ரெண்டு பேருக்கும். இதை ஆளுக்கொண்ணு மாட்டி வெச்சுடணும். அப்புறம் எப்படி முறைச்சுக்கிறாங்கன்னு பாக்குறேன்."

விரல் நடுவில் வந்து நின்றது.

"ஏம்மா, கண்ணை நீ கம்ப்யூட்டர்ல திறந்து வெச்சியா?"

"இல்லக்கா. அந்த மாதிரி வேலையெல்லாம் நாங்க செய்றதில்லை."

"செஞ்சிருந்தா சொல்லு, பரவால்ல. மத்த ஸ்டுடியோவுல செய்றாங்களே. நல்லாத்தான் இருக்குது."

"சத்தியமா இல்லக்கா. வாங்க, காட்டுறேன்." அழித்ததை மீட்டெடுத்து, இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்தாள். "இதுல மூடியிருக்கார். அடுத்ததுல திறந்துட்டார். கையைப் பாருங்க, வேட்டியை எப்படி இறுக்கிப் பிடிக்கிறார். காலையிலேருந்து என்னைப் பாடாப் படுத்திட்டார் உங்கப்பா. இத்தனை குழந்தைங்க அசையாம நிக்குதுங்க, பெரிய மனுஷர் அவரால ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியலை."

சிரித்தபடி திரும்பினாள். ரூபா மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, தண்ணி தரவா?"

"நான்தான் திறந்து வெச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா." குரல் கெஞ்சியது. "உன் வயித்துப் பிள்ளை நல்லா இருக்கும். நீதான் கையையும் மாத்தினேன்னு சொல்லிடு."

"ஏன்க்கா? என்ன ஆச்சு?"

"உன் வீட்டுக்காரர் சொல்லலையா?" ரூபாவின் கண்கள் திரையை விட்டு நகரவில்லை. "எங்கள்ல செத்தவங்களைக் குளிப்பாட்டி, நாற்காலியில உட்கார வெச்சுத்தான் குடும்பத்தோட படம் எடுப்போம். இந்தப் படத்தை எடுத்த கையோட, எங்கப்பாவைத் தூக்கிட்டுப் போய்க் குழியில உட்கார வெச்சு மண்ணைத் தள்ளிட்டோம்."