சூரியனைத் துரத்திய விமானம்

நோன்பு திறக்கும்வரை திபாரி திருட மாட்டான். ரமலானில் அது அவனுடைய கொள்கை. பகலெல்லாம் வயிற்றையும் கையையும் கட்டிப்போடுவான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டதும் இரண்டையும் அவிழ்த்துவிடுவான்.

அப்படித்தான் உம்ரா யாத்திரைக் கூட்டத்துக்குள் இரண்டு வாரம் பாடுபட்டான். அடித்த பணத்தை மனைவியின் பச்சை முக்காட்டில் முடிந்து, தோள்பையின் அடியில் திணித்து, ஜித்தாவிலிருந்து ஊர் திரும்பக் காசாபிளாங்கா விமானத்தில் ஏறினான்.

சன்னலோர இருக்கையில் ஹாஜி புஷ்தா என்ற பெரியவர். மடியில் கறுப்புத் தோல்பை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய தங்க வளையல்கள் என்று கேட்காமலே சொன்னார். திபாரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நோன்பாயிற்றே என்று அடக்கிக்கொண்டான்.

கணக்குப் போட்டான். பகல் இரண்டு மணிக்குக் கிளம்பியாயிற்று. ஏழு மணி நேரப் பயணம். உம்ராவுக்கு வந்தபோது, ஏறிய கொஞ்ச நேரத்திலேயே பொழுது சாய்ந்து ஹரீரா சூப் வந்துவிட்டது. இன்றும் ஆறரைக்கு இருட்டிவிடும். எல்லாரும் தட்டில் தலையைக் கவிழ்க்கும்போது பையில் கை வைத்துவிடலாம்.

ஆறரை ஆயிற்று. சூரியன் அசையவில்லை. ஏழரை ஆயிற்று. விமானம் மேற்கே துரத்தத் துரத்த அது முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணெதிரே சூரியன் மறைந்தால்தான் நோன்பு திறக்கலாம் என்று விமானி வேறு அறிவித்துவிட்டார்.

பெரியவரோ கோழியும் பேரீச்சம்பழமும் வாங்கி நிதானமாகச் சாப்பிட்டார்.

"பயணத்துல இருக்கறவனுக்கு அல்லாவே சலுகை கொடுத்திருக்கான் தம்பி. நான் அதை விடறதே இல்ல."

"ஹாஜின்னு பேரு வேற வச்சிக்கிட்டு இப்படிப் பேசலாமா பெரியவரே?" திபாரிக்கு உண்மையாகவே மனசு வலித்தது.

"கோவிச்சுக்காத. நீ சன்னல் பக்கம் வந்து உக்காரு. சூரியன் எப்ப விழுதுன்னு பாத்துக்க. உன் பை இங்கேயே என் காலடியில கெடக்கட்டும்."

இவ்வளவு நல்ல மனுஷனிடமா திருடுவது என்று அவனுக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சூரியனை முறைத்தபடியே ஊர் வந்து சேர்ந்தான். இறங்கியபோதும் அது ஓடுபாதை ஓரத்தில் சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

நிலையத்துக்குள் பெரியவர் கறுப்புப் பையை அவன் கையில் கொடுத்தார். "கொஞ்சம் பிடி தம்பி, கைகால் கழுவிட்டு வந்துடறேன்."

திபாரிக்குக் கால் பரபரத்தது. ஆனால் இப்போது ஓடினால் பகல் முழுக்கக் கிடந்த பட்டினி வீண். பெரியவர் வருவதற்குள் பொழுது சாய வேண்டுமே என்று மனமுருகி வேண்டினான்.

வேண்டுதல் பலித்தது. பாங்கு கேட்டது. பிஸ்மில்லா சொல்லி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, தூண் மறைவுக்கு ஓடிப் பையைத் திறந்தான்.

உள்ளே அவன் மனைவியின் பச்சை முக்காடு, முடிச்சு அவிழ்ந்து வெறுமையாக, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல், சாப்பிட்டுத் துப்பிய நாலு பேரீச்சங்கொட்டை.