மாசம் ஒரு பாட்டில்

"உங்க ஒத்தைப் பாட்டில் வந்துட்டாரு" என்றாள் மனைவி.

பாதி இறக்கிய ஷட்டரைக் கடைக்காரர் மறுபடியும் மேலே தூக்கினார். மாதத்தின் முதல் சனிக்கிழமை, சரியாகக் கடை சாத்தும் நேரம். இந்த மனுஷன் ஒரு தடவையாவது கொஞ்சம் முன்னால் வரக் கூடாதா?

"என்ன முதலாளி, இருக்கா?"

"உங்களுக்கு இல்லாமலா?"

பழைய சின்ன டிராக்டர்களுக்கான உதிரிபாகக் கடை அது. அந்த டிராக்டர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன, கடை மட்டும் நின்றுகொண்டிருந்தது. மிச்சமிருந்த வாடிக்கை இந்தத் தோட்டக்காரர் ஒருத்தர்தான். அவர் வாங்குவதும் ஒரே ஒரு சாமான்தான்: டீசலில் கலக்குகிற மருந்து.

'இப்ப வர்ற டீசல்ல வழவழப்பு போதாது, பழைய பம்பு தேஞ்சிடும், டேங்குல ஒரு மூடி ஊத்திப் பாருங்க' என்று என்றைக்கோ சொல்லிக் கொடுத்ததே கடைக்காரர்தான். சொன்ன வாய்க்கு வந்த வினை.

"வண்டி எப்படி ஓடுது?"

"அதுக்கென்ன, குதிரை!"

"சத்தமே கேக்கலையே, எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"தெருமுனையில. இந்தச் சந்துல யாரு அதைத் திருப்புறது?" பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த மாசமும் இருக்கும்ல?"

"உங்களுக்காகவேதானே வரவழைக்கிறேன்."

அந்தப் பதிலில் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார்.

அவர் தலை மறைவதற்காகவே காத்திருந்தவள் போல மனைவி ஆரம்பித்தாள்.

"ஒரு பாட்டில் மூணு மாசத்துக்கு வரும்னு அதுலயே போட்டிருக்கு. இவரு மாசம் ஒண்ணு வாங்குறாரே, டிராக்டருக்கு ஊத்துறாரா, தானே குடிக்கிறாரா?"

"பழைய வண்டி. கொஞ்சம் கூடத்தான் இழுக்கும்."

"நல்லா இழுக்குது, நம்மளையும் சேர்த்து! பொண்ணு ரெண்டு வருஷமா வா வான்னு கூப்பிடுறா. இப்ப ஏழு மாசம் வேற. பக்கத்துல ஒரு ஆள் இல்லை. இந்த இடத்தை எடுத்துக்கறேன்னு பேக்கரிக்காரர் நாலு தடவை வந்து போயிட்டார். நாம என்னடான்னா ஒரு ஆளோட ஒரு பாட்டிலுக்குக் காவல் காக்குறோம். அடுத்தவங்களைக் கொஞ்சமாவது நினைக்கிற ஜென்மமா அது?"

"அவருக்கு எப்படித் தெரியும்? கம்பெனிக்காரன் டஜனாத்தான் அனுப்புவான். நான் மூடிட்டா அவருக்கு வேற எங்கயும் கிடைக்காது. பம்பு போச்சுன்னா வண்டி போச்சு, வண்டி போச்சுன்னா தோட்டமே போச்சு."

"சரி, அப்ப உங்க பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கட்டும். பம்பு நல்லா இருக்கட்டும்."

அந்த ஒரு பேச்சு அவரைத் தூங்க விடவில்லை.

மறுநாள் காலையில் இருப்பில் கிடந்த பதினாறு பாட்டில்களையும் அட்டைப் பெட்டியில் அடுக்கி, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால்கூட நாலு வருஷம் தாங்கும். 'இதை வச்சுக்குங்க, என்னை மன்னிச்சுடுங்க, நான் கடையை மூடப்போறேன்.' வழி நெடுக இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் 'மூடப்போறேன்' என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

தோட்டத்து வீட்டில் மருமகள்தான் இருந்தாள்.

"மாமா முட்டிக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. நீங்க?"

"டிராக்டர் மருந்து கொண்டு வந்தேன்."

"ஐயய்யோ, இப்ப வீட்டுக்கே அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்களா!" பெட்டியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வாங்க, பின்னால ஷெட்டுல வச்சிடலாம். இடம் இருந்தா."

ஷெட்டுச் சுவரில் ஒரு நீளப் பலகை. ஸ்பானர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தை வெள்ளை பெயின்டில் வரைந்திருந்தார்கள். எது இல்லாவிட்டாலும் உடனே தெரிந்துவிடும்.

அங்கே இல்லாதது டிராக்டர்தான். அது நிற்க வேண்டிய இடத்தில் கொடி கட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது.

மருமகள் கருவி அலமாரியைத் திறந்தாள். தட்டுத் தட்டாகப் பாட்டில்கள். ஸ்க்ரூ டிரைவர் வைக்கிற இழுப்பறையில்கூடப் படுக்க வைத்திருந்தார்கள். ஒன்றிலும் சீல் உடைக்கவில்லை.

"வண்டி எங்கம்மா?"

"டிராக்டரா? அதை வித்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டப்பவே அதுவும் போச்சு. இந்தப் பாட்டிலுக்கு இடம் பத்தாமத்தான் ஸ்பானரையெல்லாம் சுவத்துல ஏத்தினோம்."

"பின்ன எதுக்கு மாசாமாசம்...?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அங்க ஒரு கடைக்காரர் இருக்காராம். மாமாவை விட்டா அவருக்கு வேற வாடிக்கையே கிடையாதாம். கடைதான் அவருக்கு உசுராம். 'நானும் போகலேன்னா மனுஷன் இடிஞ்சு போயிடுவாரும்மா'ன்னு சொல்லிக்கிட்டு, இந்த முட்டியோட ரெண்டு பஸ் மாறிப் போறாரு. டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க அந்தக் கடையில வேலை பாக்குறவரா?"

கடைக்காரர் தலையை ஆட்டினார்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று அவள் ஆவலாக ஒரு அடி கிட்டே வந்தாள். "அவரு எப்பத்தாங்க கடையை மூடுவாரு? வீட்டுல அத்தனை பேரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்."